அர்கினூசாய் கடற்சமர்: வென்றவர்களுக்குக் கிடைத்த மரண தண்டனை

அர்கினூசாய் கடற்சமர் என்பது கி.மு. 406ஆம் ஆண்டுக் கோடையில் ஏதென்ஸ் கடற்படைக்கும் ஸ்பார்ட்டா தலைமையிலான கடற்படைக்கும் இடையே நடைபெற்ற பெரும் போராகும். ஏஜியன் கடலில் லெஸ்போஸ் தீவுக்கும் ஆசியா மைனர் கரைக்கும் நடுவே உள்ள சிறு தீவுகளே அர்கினூசாய் எனப்பட்டன. இன்று இப்பகுதி துருக்கியின் திக்கிலி நகருக்கு அருகில் உள்ளது. கிரேக்கர்கள் தமக்குள்ளேயே நடத்திய கடற்போர்களில் இதுவே மிகப் பெரியது என்று பண்டைய வரலாற்றாசிரியர் டியோடோரஸ் குறிப்பிடுகிறார். இப்போரில் ஏதென்ஸ் வென்றது. ஆனால் வெற்றி தேடித் தந்த படைத்தலைவர்களுள் ஆறு பேரை அந்நகரத்து மக்களே சில மாதங்களுக்குள் கொன்றனர். ஆகவே இது போர்க்கலை வரலாற்றில் மட்டுமின்றி, மக்களாட்சியின் வரலாற்றிலும் தவறாமல் பேசப்படும் நிகழ்வாக உள்ளது.

போரின் பின்னணி

ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையிலான பெலொப்பொனேசியப் போர் கி.மு. 431இல் தொடங்கியது. ஏதென்ஸின் வலிமை கடலில் இருந்தது. ஸ்பார்ட்டாவின் வலிமை தரையில் இருந்தது. கி.மு. 413இல் சிசிலித் தீவில் ஏதென்ஸ் தன் பெரும் கடற்படையை முற்றிலும் இழந்தது. அதன் பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. பாரசீகப் பேரரசின் பொருளுதவியால் ஸ்பார்ட்டாவும் கப்பல்கள் கட்டிக் கடலுக்கு வந்தது. துடுப்பு வலிப்பவர்களுக்குக் கூலி கொடுக்கப் பாரசீக இளவரசர் சைரஸ் பணம் தந்தார்.

கி.மு. 406 வாக்கில் நோட்டியம் என்ற இடத்தில் ஸ்பார்ட்டாவின் லைசாண்டர் ஏதென்ஸ் படையைத் தோற்கடித்தார். ஏதென்ஸ் படைத்தலைவர் அல்சிபியாடீஸ் அங்கு இல்லாத நேரத்தில், அவருடைய கப்பலின் சுக்கான் பிடிப்பவர், போர் செய்யக் கூடாது என்ற கட்டளையை மீறியதால் நேர்ந்த தோல்வி அது. பழி அல்சிபியாடீஸ் மீது விழுந்தது. அவர் பதவியிழந்து ஒதுங்கினார். கோனான் என்பவர் கடற்படைப் பொறுப்பை ஏற்றார். படையில் நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் இருந்தும் மனம் தளர்ந்த ஆட்களே இருந்ததால், எழுபது கப்பல்களுக்கு மட்டும் தேர்ந்த துடுப்பாளர்களை அமர்த்திக்கொண்டார்.

லைசாண்டரின் ஓராண்டுப் பதவிக்காலம் முடிந்ததும் ஸ்பார்ட்டா காலிகிராட்டிதாஸ் என்ற இளம் தலைவரை அனுப்பியது. லைசாண்டரோ, மீதமிருந்த பணத்தைப் புதியவரிடம் ஒப்படைக்காமல் சைரஸிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். பணம் கேட்டுச் சென்ற காலிகிராட்டிதாஸை இரண்டு நாள் காத்திருக்கும்படி சைரஸ் சொல்லியனுப்பினார். அயலார் வாசலில் கிரேக்கர்கள் காசுக்காகக் காத்து நிற்பதை அவமானமாக உணர்ந்த அவர், உயிரோடு ஊர் திரும்பினால் ஏதென்ஸையும் ஸ்பார்ட்டாவையும் சமாதானப்படுத்த முயல்வதாகச் சொன்னார் என்று செனபோன் எழுதுகிறார். லெஸ்போஸ் தீவின் மெத்திம்னா நகரைப் பிடித்தபோது, அந்நகர மக்களை அடிமைகளாக விற்கக் கூட்டணியினர் கோரினர். தம் தலைமையில் எந்தக் கிரேக்கரும் அடிமையாக்கப்படக் கூடாது என்று அவர் மறுத்தார். ஆயினும் அங்கிருந்த ஏதென்ஸ் காவற்படையினரை மறுநாள் விற்றுவிட்டார் என்பதையும் செனபோன் மறைக்கவில்லை.

முற்றுகையில் கோனான்

காலிகிராட்டிதாஸ் விரைவில் 170 கப்பல்களைத் திரட்டினார். கோனானை விரட்டிச் சென்று, லெஸ்போஸின் மிட்டிலீன் துறைமுகத்தில் மடக்கினார். அங்கு நடந்த சண்டையில் கோனான் 30 கப்பல்களை இழந்தார். மீதமிருந்த 40 கப்பல்களை நகர மதிலின் கீழ் கரையேற்றினார். கடலிலும் தரையிலும் முற்றுகை இறுகியது. நகரில் ஏராளமான மக்கள்; உணவோ குறைவு.

கோனான் மிக விரைவான இரண்டு கப்பல்களைத் தேர்ந்தெடுத்து, சிறந்த துடுப்பாளர்களை ஏற்றினார். நண்பகலில் முற்றுகையிட்டவர்கள் அசந்திருந்த வேளையில் இரண்டும் வெவ்வேறு திசைகளில் பாய்ந்தன. ஒன்று பிடிபட்டது. மற்றொன்று தப்பிச் சென்று ஏதென்ஸுக்குச் செய்தியைச் சேர்த்தது.

முப்பது நாளில் ஒரு கடற்படை

செய்தி கேட்ட ஏதென்ஸ் மக்கள் பேரவை 110 கப்பல்களை அனுப்பத் தீர்மானித்தது. கருவூலம் காலியாகியிருந்த காலம் அது. அக்ரோபோலிஸ் குன்றில் வெற்றித் தெய்வமான நைக்கிக்கு இருந்த பொற்சிலைகள் உருக்கப்பட்டு நாணயங்களாக அச்சிடப்பட்டன.

பணத்தை விடவும் பெரிய தட்டுப்பாடு ஆட்களுக்கு இருந்தது. அக்காலப் போர்க்கப்பல் மூன்று அடுக்குத் துடுப்புகளைக் கொண்டது. ஒரு கப்பலுக்கு 170 துடுப்பாளர்களும், மாலுமிகள், வீரர்கள் முதலியோரும் சேர்த்து ஏறத்தாழ 200 பேர் தேவை. 110 கப்பல்களுக்கு 22,000 பேர் வேண்டும். தேர்ந்த துடுப்பாளர்களில் பெரும்பாலோர் கோனானுடன் முற்றுகையில் சிக்கியிருந்தனர். எனவே போர் செய்யும் வயதுடைய குடிமக்கள், அடிமைகள் என அனைவரும் ஏற்றப்பட்டனர். வழக்கமாகக் குதிரையில் செல்லும் செல்வர்கள் பலரும் கப்பலேறினர். துடுப்பு வலித்த அடிமைகளுக்கு விடுதலையும் குடியுரிமையும் தரப்பட்டன. முப்பதே நாளில் படை புறப்பட்டது. சாமோஸ் தீவு 10 கப்பல்களையும், பிற கூட்டணி நகரங்கள் 30க்கும் மேற்பட்ட கப்பல்களையும் தந்தன. மொத்தம் 150க்கும் அதிகமான கப்பல்கள் சேர்ந்தன.

இந்தப் படைக்குத் தனித்தலைவர் எவரும் இல்லை. எட்டுப் படைத்தலைவர்கள் சம அதிகாரத்துடன் சென்றனர். அரிஸ்டோக்ரட்டீஸ், டயோமெடான், பெரிக்கிளீஸ், எராசினிடீஸ், புரோட்டோமாகஸ், திராசில்லஸ், லைசியாஸ், அரிஸ்டோஜெனிஸ் ஆகியோர் அவர்கள். இவர்களுள் பெரிக்கிளீஸ் என்பவர், புகழ்பெற்ற அரசியல் தலைவர் பெரிக்கிளீஸுக்கும் அஸ்பேசியாவுக்கும் பிறந்த மகன்.

இரண்டு போர்முறைகள்

மூவடுக்குக் கப்பலின் முதன்மையான ஆயுதம் அதன் முகப்பில் நீர்மட்டத்தில் பொருத்தப்பட்ட வெண்கல முட்டுமுனை. எதிரிக் கப்பலின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ இதைக் கொண்டு இடித்து ஓட்டையிடுவதே போர்முறை. இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது, எதிரி வரிசையில் இரு கப்பல்களுக்கு இடையே உள்ள இடைவெளியில் ஊடுருவிச் சென்று, சட்டென்று திரும்பிப் பின்புறத்தில் இடிப்பது. இரண்டாவது, வரிசையின் ஓரத்தைச் சுற்றி வளைத்துச் சென்று தாக்குவது. இரண்டுக்கும் வேகமும், துடுப்பாளர்களின் ஒத்திசைவும், நீண்ட பயிற்சியும் வேண்டும்.

ஒரு காலத்தில் இக்கலையில் ஏதென்ஸை மிஞ்ச ஆள் இல்லை. அர்கினூசாயிலோ நிலைமை தலைகீழ். பயிற்சி பெற்ற துடுப்பாளர்கள் ஸ்பார்ட்டாவிடம் இருந்தனர். ஏதென்ஸ் கப்பல்களில் இருந்தோரில் பலர் ஒரு மாதத்துக்கு முன் துடுப்பைத் தொட்டிராதவர்கள்.

இந்தக் குறையை ஏற்றுக்கொண்டே ஏதென்ஸ் படைத்தலைவர்கள் திட்டம் வகுத்தனர். இடது அணியிலும் வலது அணியிலும் தலா 60 கப்பல்கள் நின்றன. ஒவ்வோர் அணியும் பதினைந்து பதினைந்தாக நான்கு பிரிவுகள். இரண்டு பிரிவுகள் முன்னே, இரண்டு பிரிவுகள் அவற்றின் பின்னே. முன்வரிசையை ஊடுருவி வரும் எதிரிக் கப்பல் திரும்புவதற்குள் பின்வரிசைக் கப்பல் அதை இடித்துவிடும். நடுவில் சாமோஸ் கப்பல்களும் மற்றவையும் ஒற்றை வரிசையில் நின்றன. வரிசைக்கு இடையில் தீவுகளும் அமையுமாறு நிறுத்தியதால், படையின் அகலம் கூடியது என்று டியோடோரஸ் கூறுகிறார். எண்ணிக்கையில் இருந்த மிகுதியை, பயிற்சியில் இருந்த குறைவுக்கு ஈடாக்கினர். சிறந்த படை இல்லாதபோது, இருக்கும் படைக்கேற்ற சிறந்த திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

போர்

காலிகிராட்டிதாஸ் 50 கப்பல்களை எட்டியோனிகஸ் என்பவரின் பொறுப்பில் மிட்டிலீன் முற்றுகைக்கு விட்டுவிட்டு, 120 கப்பல்களுடன் வந்தார். இரவில் தீவுகளில் ஏதென்ஸ் படையினர் மூட்டிய நெருப்புகளைக் கண்டு, நள்ளிரவிலேயே தாக்க எண்ணினார். இடியும் மழையும் தடுத்தன. விடிந்ததும் புறப்பட்டார்.

அவருடைய கப்பலின் சுக்கான் பிடித்தவர் மெகாராவைச் சேர்ந்த ஹெர்மோன். எதிரிக் கப்பல்கள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் விலகிச் செல்வதே நல்லது என்று அவர் அறிவுறுத்தினார். தாம் இறந்தால் ஸ்பார்ட்டாவுக்கு ஒரு குறையும் வராது, ஓடினால்தான் இழிவு என்று காலிகிராட்டிதாஸ் மறுத்துவிட்டார்.

போர் நெடுநேரம் நீடித்தது. முதலில் நெருங்கிய அணிகளாகவும், பின்னர் சிதறியும் கப்பல்கள் மோதின. காலிகிராட்டிதாஸின் கப்பல் எதிரிக் கப்பலை இடித்தபோது அவர் கடலில் விழுந்து மறைந்தார். புரோட்டோமாகஸின் வலது அணி எதிரியின் இடது அணியை முறியடித்தது. பெலொப்பொனேசியர்கள் கியோஸுக்கும் போக்கேயாவுக்கும் தப்பியோடினர். ஸ்பார்ட்டாவின் சொந்தக் கப்பல்கள் பத்தில் ஒன்பதும், கூட்டணியினரின் கப்பல்கள் அறுபதுக்கும் மேலும் அழிந்தன. ஏதென்ஸ் தரப்பில் 25 கப்பல்கள் இழப்பு.

புயலும் தத்தளித்தவர்களும்

மூவடுக்குக் கப்பல்கள் மரத்தாலானவை, பாரம் குறைந்தவை. ஓட்டை விழுந்தாலும் அவை உடனே அடியில் மூழ்குவதில்லை. நீர் நிறைந்து, பாதி அமிழ்ந்த நிலையில் மிதக்கும். ஆட்கள் அவற்றைப் பற்றிக்கொண்டு உதவிக்குக் காத்திருப்பார்கள். 25 கப்பல்கள் என்றால் ஏறத்தாழ 5,000 பேர். அவர்களில் கரை சேர்ந்தவர்கள் சிலரே.

வெற்றி உறுதியானதும் படைத்தலைவர்கள் கூடிப் பேசினர். இரண்டு கடமைகள் முன் நின்றன. ஒன்று, தத்தளிப்பவர்களை மீட்பது. மற்றொன்று, மிட்டிலீனில் இருக்கும் 50 எதிரிக் கப்பல்களைத் தப்பவிடாமல் தாக்கிக் கோனானை விடுவிப்பது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடிவாயிற்று. மீட்புக்கு 47 கப்பல்கள் ஒதுக்கப்பட்டன. அப்பொறுப்பு தெராமினீஸ், திராசிபுலஸ் முதலிய கப்பல் தலைவர்களிடம் தரப்பட்டது. இவ்விருவரும் முன்னர்ப் படைத்தலைவர்களாக இருந்தவர்கள். மற்ற கப்பல்கள் மிட்டிலீனுக்குச் செல்ல வேண்டும்.

அதற்குள் பெருங்காற்றும் புயலும் எழுந்தன. மீட்பும் நடக்கவில்லை, மிட்டிலீன் பயணமும் நடக்கவில்லை. எட்டியோனிகஸ் தோல்விச் செய்தியை மறைத்து, காலிகிராட்டிதாஸ் வென்றதாக ஒரு தூதுப் படகைக் கூவி வரச் செய்து, தம் ஆட்களை அமைதியாக அழைத்துக்கொண்டு தப்பிவிட்டார். கடலில் கிடந்தவர்கள் கடலோடு போனார்கள்.

இறந்தவர்க்கு ஈமக்கடன் செய்வதைக் கிரேக்கர்கள் மிகப் புனிதமான கடமையாகக் கருதினர். உயிரோடு தத்தளித்தவர்களைக் கைவிட்டது ஒரு துயரம். உடல்களையும் மீட்கவில்லை என்பது இன்னொரு துயரம். ஏதென்ஸில் வெற்றிச் செய்தியும் இந்தச் செய்தியும் சேர்ந்தே வந்தன.

விசாரணை

மக்கள் பேரவை எட்டுப் படைத்தலைவர்களையும் பதவி நீக்கியது. புரோட்டோமாகஸும் அரிஸ்டோஜெனிஸும் ஊர் திரும்பவில்லை. திரும்பிய ஆறு பேர் சிறையில் அடைக்கப்பட்டனர்.

பேரவையில் அவர்களைக் கடுமையாகச் சாடியவர் தெராமினீஸ். படைத்தலைவர்கள் அனுப்பிய கடிதத்தில் புயல் மட்டுமே காரணமாகக் கூறப்பட்டிருந்தது. தம் பெயர் அதில் இல்லை என்று அவர் காட்டினார். மீட்புப் பணி அவரிடமே ஒப்படைக்கப்பட்டிருந்தது என்றாலும், அவரையும் குற்றம் சொல்லப்போவதில்லை, புயல்தான் காரணம் என்று படைத்தலைவர்கள் பதிலளித்தனர். சுக்கான் பிடித்தவர்கள் பலர் அதற்குச் சாட்சி கூறினர். பேரவையின் மனம் மாறத் தொடங்கியது. ஆனால் பொழுது சாய்ந்துவிட்டது. உயர்த்திய கைகளை எண்ண வெளிச்சம் போதவில்லை. முடிவு மற்றொரு நாளுக்குத் தள்ளிப்போயிற்று.

இடையில் அபட்டூரியா விழா வந்தது. உறவினர்கள் ஒன்றுகூடும் குடும்ப விழா அது. இறந்தவர்களின் இடம் ஒவ்வொரு வீட்டிலும் வெறுமையாக இருந்தது. அடுத்த கூட்டத்துக்குப் பலர் கறுப்பு உடுத்தித் தலையை மழித்துக்கொண்டு வந்தனர். இவர்களைத் தெராமினீஸின் ஆட்களே ஏற்பாடு செய்தனர் என்பது செனபோனின் குற்றச்சாட்டு.

அக்கூட்டத்தில் காலிக்சினஸ் என்பவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இரு தரப்பும் முன்னரே பேசிவிட்டதால் இனி விசாரணை தேவையில்லை. எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே வாக்கெடுப்பு. குற்றவாளி என முடிவானால் மரண தண்டனை. மாவுத் தொட்டி ஒன்றைப் பற்றிக்கொண்டு உயிர் பிழைத்ததாகச் சொன்ன ஒருவர் முன்வந்தார். மூழ்கியவர்கள் தம்மிடம், படைத்தலைவர்கள் எங்களை மீட்கவில்லை என்று மக்களிடம் சொல் என வேண்டிக்கொண்டதாகக் கூறினார்.

ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரித்துத் தீர்ப்பளிக்க வேண்டும் என்பதே ஏதென்ஸின் நெறி. யூரிப்டோலமஸும் வேறு சிலரும் அத்தீர்மானம் சட்டத்துக்குப் புறம்பானது என்று வழக்குத் தொடுத்தனர். மக்கள் விரும்பியதைச் செய்ய விடாமல் தடுப்பதா என்று கூட்டம் இரைந்தது. அவர்களையும் படைத்தலைவர்களோடு சேர்த்தே தண்டிக்க வேண்டும் என்ற மிரட்டல் எழுந்ததும் வழக்கைத் திரும்பப் பெற்றனர். அன்று கூட்டத்தை நடத்தும் முறையில் இருந்த மன்ற உறுப்பினர்கள் முதலில் வாக்கெடுப்புக்கு மறுத்து, பின்னர் அஞ்சி இணங்கினர். ஒருவர் மட்டும் கடைசிவரை இணங்கவில்லை. அவர் தத்துவ அறிஞர் சாக்ரடீஸ். சட்டப்படி அல்லாமல் எதையும் செய்ய மாட்டேன் என்பதே அவருடைய நிலை.

யூரிப்டோலமஸ் மீண்டும் எழுந்து பேசினார். தண்டிப்பதானால் தண்டியுங்கள், ஆனால் தனித்தனியாக, சட்டப்படி விசாரித்துத் தண்டியுங்கள் என்பதே அவர் வாதத்தின் சாரம். முதல் கையெண்ணிக்கையில் அவருடைய கருத்தே வென்றது. எதிர்ப்பு எழுந்து, மறுபடி எண்ணியபோது தோற்றது. எட்டுப் பேரும் குற்றவாளிகள் என முடிவாயிற்று. ஏதென்ஸில் இருந்த ஆறு பேரும் கொல்லப்பட்டனர். பெரிக்கிளீஸின் மகனும் அவர்களுள் ஒருவர். சாகுமுன் டயோமெடான், வெற்றிக்காகத் தாங்கள் தெய்வங்களுக்கு நேர்ந்துகொண்டதை மறவாமல் நிறைவேற்றுங்கள் என்று மட்டும் மக்களைக் கேட்டுக்கொண்டார் என டியோடோரஸ் எழுதுகிறார்.

இரண்டு சான்றுகள், இரண்டு பார்வைகள்

இந்நிகழ்வைப் பற்றி விரிவாகக் கூறும் நூலாசிரியர்கள் இருவர். செனபோன் அதே காலத்தில் வாழ்ந்த ஏதென்ஸ்காரர். டியோடோரஸ் பல நூற்றாண்டுகள் பிந்தியவர். எனினும் பழைய நூல்களைக் கொண்டு எழுதியவர். செனபோன் உயிரோடு தத்தளித்தவர்களைப் பற்றி மிகுதியாகப் பேசுகிறார். டியோடோரஸ் மீட்கப்படாத உடல்களைப் பற்றிப் பேசுகிறார். செனபோனின் நூலில் தெராமினீஸ் சூழ்ச்சிக்காரர். டியோடோரஸின் நூலிலோ, படைத்தலைவர்களே முதலில் தெராமினீஸ் மீது பழி சுமத்திக் கடிதம் அனுப்பினர்; தம்மைக் காத்துக்கொள்ளவே அவர் எதிராகத் திரும்பினார். களைத்துப்போன மாலுமிகள் அலைகளைக் கண்டு மீட்புக்குச் செல்ல மறுத்தனர் என்றும் அவர் சொல்கிறார். வரலாற்று மாணவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் படிப்பது நல்லது. புயல் எழுந்தது, மீட்பு நடக்கவில்லை, விசாரணை முறையாக நடக்கவில்லை என்ற மூன்றிலும் இருவர் கூற்றும் ஒத்துப்போகிறது.

பின்விளைவுகள்

ஏதென்ஸ் மக்கள் விரைவிலேயே வருந்தினர். தங்களை ஏமாற்றியதாகக் காலிக்சினஸ் மீதும் வேறு நால்வர் மீதும் குற்றம் சாட்டினர். அவர்கள் விசாரணைக்கு முன் தப்பிவிட்டனர். பின்னர்க் காலிக்சினஸ் ஊர் திரும்பியபோது எல்லோராலும் வெறுக்கப்பட்டுப் பட்டினியால் இறந்தார்.

தோல்விக்குப் பின் ஸ்பார்ட்டா சமாதானத்துக்கு முன்வந்ததாகவும், கிளியோபோன் என்ற தலைவரின் பேச்சைக் கேட்டு ஏதென்ஸ் மறுத்ததாகவும் அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் ஏதென்ஸ் அரசமைப்பு நூல் கூறுகிறது. அடுத்த ஆண்டு, கி.மு. 405இல், ஈகோஸ்பொட்டாமி என்ற இடத்தில் லைசாண்டர் ஏதென்ஸ் கடற்படையைக் கரையிலேயே கைப்பற்றினார். கோனான் ஒரு சில கப்பல்களுடன் மட்டும் தப்பினார். கி.மு. 404இல் ஏதென்ஸ் சரணடைந்தது. அனுபவம் மிக்க படைத்தலைவர்கள் அர்கினூசாய்க்குப் பின் கொல்லப்படாமல் இருந்திருந்தால் அந்த அழிவைத் தவிர்த்திருக்கலாமோ என்ற கேள்வியை வரலாற்றாசிரியர்கள் இன்றும் எழுப்புகின்றனர்.

மேசைப் பலகையும் கடலும்

பண்டைக் கடற்போர்களை இன்று மேசைமீது மறுபடி நடத்திப் பார்க்கும் போர் விளையாட்டுகள் பல உள்ளன. சிறு கப்பல் உருவங்களை நகர்த்தி, பகடை உருட்டி, இடித்தல், சுற்றி வளைத்தல் முதலியவற்றை விதிகளின்படி ஆடுவார்கள். இரட்டை வரிசை ஏன் ஊடுருவலைத் தடுத்தது, பயிற்சி பெற்ற சிறுபடையை எண்ணிக்கை மிகுந்த படை எப்படி எதிர்கொள்ளலாம் என்பவற்றைப் புரிந்துகொள்ள இம்முறை பெரிதும் உதவும். மாணவர்கள் தீப்பெட்டிகளைக் கப்பல்களாக வைத்தும் இதைச் செய்து பார்க்கலாம்.

ஆனால் மேசையில் இடிபட்ட கப்பல் எடுத்து வைக்கப்படும், ஆட்டம் தொடரும். அர்கினூசாயில் அந்த ஒவ்வொரு கப்பலிலும் 200 பேர் இருந்தனர். விளையாட்டு முடியும் இடத்தில்தான், அதாவது வெற்றி அறிவிக்கப்பட்ட இடத்தில்தான், ஏதென்ஸின் உண்மையான சோதனை தொடங்கியது. காற்றின் மேல் கோபம் கொள்ள முடியாத மக்கள் அதைத் தம் தலைவர்கள் மேல் காட்டினர். அவர்களுடைய துக்கம் நியாயமானது, தீர்ப்பு நியாயமானதன்று. துக்கத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே நிற்பதற்காகவே சட்டம் இருக்கிறது. அன்றைய ஏதென்ஸில் அதற்காக எழுந்து நின்றவர்கள் மிகச் சிலரே.